பூட்டுக்காரரின் அக்காவும் நாலாவது சீட்டும்

என் சித்தி தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஆள் இந்த உலகத்தில் இதுவரை செத்ததே கிடையாது. கடலில் விழுந்தவர், காட்டில் தொலைந்தவர், பெயரை மாற்றிக்கொண்டு செத்தவர், செத்த பிறகு பெயர் மாறியவர் என்று எல்லாருடைய தேதியும் நேரமும் சித்தியின் கைப்பையில் இருக்கிறது. எமனுக்கே ஒரு சந்தேகம் வந்தால் தன் ஆட்களைக் கேட்க மாட்டான், சித்திக்குத்தான் போன் போடுவான். சித்தியும், "லைன்ல இருங்க, பக்கத்தைப் புரட்டறேன்" என்பாள்.

நிஜத்தில் சித்திக்கு வயது ஐம்பத்திரண்டு, இடது முழங்காலில் வலி, மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் நூல் சுற்றியிருக்கும். இந்த ஊர்ப் பத்திரிகை அலுவலகத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இருபத்தாறு வருடமாக மரண அறிவிப்புகளை வாங்கிக்கொள்கிறாள். வெளியே நிற்பவர் அழுதுகொண்டே சொல்வார். சித்தி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு எழுதுவாள். சில சமயம் பஞ்சாயத்தும் அவள்தான் பண்ணுவாள்.

"'அன்பு மருமகன்'னு போட்டே ஆகணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"நீங்க அவருக்கு யாரு?"

"மச்சான்."

"அப்ப 'மருமகன்' மட்டும் போடறேன். அன்பை நீங்க ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசித் தீத்துக்கங்க."

மரண அறிவிப்பை எல்லாரும் மேலிருந்து படிப்பார்கள். சித்தி கீழிருந்து படிப்பாள். செத்தது யார் என்பதில் யாரும் பொய் சொல்வதில்லை. யாரை விட்டுச் சென்றார் என்ற பட்டியலில்தான் குடும்பத்தின் அத்தனை சண்டையும் ஒளிந்திருக்கும். யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில், யார் பெயர் இல்லவே இல்லை. இருபத்தாறு வருடம் இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கண் வந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் தம்பியைக் காணோம் என்று வம்சக்கொடி வரைகிறவர்கள் எல்லாரும் அந்த ஜன்னலுக்குத்தான் வருவார்கள். காலையில் ஜன்னல், பிற்பகலில் நகராட்சிப் பதிவறை. இதுதான் சித்தியின் வாழ்க்கை.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்ததும், "சும்மா உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்குச் சித்தி பையையாவது தூக்குடி" என்று அம்மா அனுப்பிவைத்தாள். பதிவறையில் ஏசி இருக்கிறது, அதனால் போனேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்த அறையின் ராஜா ஒரு எழுத்தர். எதைப் பார்த்தாலும் பின் அடித்துவிடுவதால் அவருக்கு ஸ்டேப்ளர் என்று பெயர் வைத்தேன். பதிவேடு வேண்டுமென்றால் ஒரு சீட்டு நிரப்பிப் பெட்டியில் போட வேண்டும். வட்டாரம், வருடம், தேடும் காரணம், கையெழுத்து. ஒரு தேடலுக்கு ஒரு நாளைக்கு மூன்று பதிவேடுதான். நான் நிரப்புவேன், சித்தி கையெழுத்துப் போடுவாள். காரணம் என்ற கட்டத்தில் சித்தி சொல்வது எப்போதும் "குடும்ப வரலாறு". நான் எழுதுவது அந்தந்த நாளைப் பொறுத்தது. ஒரு நாள் "வெளியே வெயில்" என்று எழுதினேன். இன்னொரு நாள் "என் பெயர் இதில் ஏறிவிட்டதா என்று பார்க்க".

"ஏறியிருந்தா உன்னை உள்ள விட்டிருக்க மாட்டேன்" என்றார் ஸ்டேப்ளர், சிரிக்காமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜன்னலுக்கு ஒரு பூட்டுக்காரர் வந்தார். பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுவது, அதுதான் தொழில். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"எங்க அக்கா செத்த தேதி வேணும்மா. தேதி மட்டும் போதும்."

"தோராயமா எப்பன்னு தெரியுமா?"

"தெரியாது. போன வருஷம் பஸ்ல ஒருத்தர் சொன்னார், அவ எப்பவோ போய்ட்டான்னு. மேல கேக்க எனக்கு வாய் வரல."

"நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"முப்பத்தேழு வருஷம் ஆச்சு."

வரும் திங்கட்கிழமை அவர் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் ஒரேயடியாகப் போகிறார். கடையைக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன் தேதி தெரிய வேண்டும். பதிவறையோ சனிக்கிழமை மதியத்தோடு ஆறு மாதம் மூடல், கட்டடம் மாறுகிறது. சித்தி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

அக்காவுக்கு அப்போது வயது இருபத்துநாலு. யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த மாப்பிள்ளையின் பெயர்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அவர் கடைசிவரை "அந்தப் பய"தான். அக்காவின் பெயரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்.

"அவங்க கையெழுத்து எதாவது இருக்கா?"

பூட்டுக்காரர் ஒரு பழைய மதிப்பெண் அட்டையை எடுத்தார். அவருடைய எட்டாம் வகுப்பு. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவர் அப்பாவின் பெயர். ஆனால் அதன் வால் கீழே போய், வளைந்து, பூட்டின் வளையம் மாதிரி மேலே ஏறியிருந்தது.

"இது அப்பா போட்டதில்ல. அவர் பாத்தா தோலை உரிச்சுடுவார். எல்லா வருஷமும் அக்காதான் போடுவா. எழுத்து எதுவானாலும் அந்த வால் மட்டும் அவளுதுதான், மறைக்கத் தெரியாது."

கள்ளக் கையெழுத்துப் போடும் அக்கா. எனக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துவிட்டது.

"என்ன சண்டை?" என்று கேட்டேன். சித்தி என் காலை மிதித்தாள்.

"அவ வாசப்படி மிதிக்கக் கூடாது, பூட்டை மாத்துன்னார் அப்பா. மாத்தினேன். பத்தொம்பது வயசு. நான் தனியா மாட்டின முதல் பூட்டு. மறுநாள் சாயங்காலம் வெளியில சாவி திருப்பற சத்தம். மூணு தடவை. நான் உள்ளதான் நின்னுட்டிருந்தேன்."

"திறக்கலையா?"

"நல்ல பூட்டும்மா அது" என்றார்.

மறுநாள் சித்தி செத்தவர்களின் பெயர் வரிசையில் தேடினாள். அந்தப் பெயரில் எட்டுப் பேர். வயது பார்த்தாள், எட்டையும் அடித்தாள்.

"அப்ப கிடைக்கலையா?"

"கிடைக்கலடி." சித்தி என் கையைப் பிடித்து நசுக்கினாள். "செத்தவங்க பேர்ல அவ இல்ல."

"வேற ஊர்ல செத்திருந்தா?"

"இப்பதான் ஆசையா இருக்கு, கெடுக்காத. கடைசிக் கட்டத்தைப் பாரு."

மரணப் பதிவேட்டில் ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டமும் தகவல் கொடுத்தவருக்கானது. பெயர், உறவு, முகவரி, கையெழுத்து. செத்தவர் தானே வந்து பதிந்துவிட்டுப் போவதில்லை அல்லவா. உயிரோடு இருக்கிற ஒருவர்தான் வர வேண்டும். அறுபத்தொரு வயதுக்குள் யாராவது ஒருவர் சாவுக்காவது அந்த அக்கா கையெழுத்துப் போட்டிருப்பாள் என்பது சித்தியின் கட்சி. சிக்கல் என்னவென்றால், கடைசிக் கட்டத்துக்குப் பெயர் வரிசை கிடையாது. பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். வட்டாரத்துக்கு ஒன்றாக மொத்தம் முப்பத்தாறு பதிவேடு. நமக்குக் கிடைப்பது நாலு நாளில் பன்னிரண்டு.

புதன், வியாழன், வெள்ளி. சித்தி இடது பக்கம், நான் வலது பக்கம். அந்தப் பெயர் வரும்போதெல்லாம் வால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தோம். ஒன்று கைநாட்டு. ஒன்று உருண்டை உருண்டையாக, பட்டாணி கொட்டியது போல. வியாழக்கிழமை ஒரு வால் கிடைத்து, சித்தி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். பார்த்தால் பேனா கசிந்திருக்கிறது. ஸ்டேப்ளர்கூட இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதையோ எடுக்க வந்தவர் மாதிரி போனார்.

வெள்ளி மாலை சனிக்கிழமைக்கான மூன்று சீட்டுகளை நிரப்பினோம்.

"துறைமுக வட்டாரம் போடலாமா?" என்றேன்.

"அவருதான் சொன்னாரே, அக்காவுக்குத் தண்ணின்னா பயம், குளத்துப் பக்கமே போக மாட்டான்னு. இருக்கறதே மூணு."

சித்திக்கு இறந்தவர்களைப் பற்றி எல்லாம் தெரியும். ஒளிகிறவர்களைப் பற்றி எனக்குத்தான் தெரியும். தேடி வருகிறவர், "சேச்சே, அங்க போக மாட்டா" என்று சொல்கிற இடத்தில்தான் நாங்கள் ஒளிவோம். வாசல்வரை வந்த பிறகு குடையை மறந்துவிட்டதாக ஞாபகம் வந்து உள்ளே ஓடினேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை சித்தி ஜன்னலுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்தாள். மேஜைமேல் நாலு பதிவேடு இருந்தது.

"மூணுதானே கேட்டோம்?" என்றாள் சித்தி.

"கடைசி நாளு. அவருக்கு எண்ணக்கூட நேரமில்ல போல" என்றேன்.

பூட்டுக்காரரும் வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த மதிப்பெண் அட்டை. முதல் மூன்றிலும் ஒன்றுமில்லை. மணி பதினொன்று இருபது. ஸ்டேப்ளர் அலமாரிகளைப் பூட்ட ஆரம்பித்துவிட்டார். சித்தி துறைமுகத்தை இழுத்தாள். இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

இறந்தவர், படகு எஞ்சின் மெக்கானிக். ஆறு வருடத்துக்கு முன்னால். தகவல் கொடுத்தவர், மனைவி. அந்தப் பெயர். அதன் வால் கீழே போய், வளைந்து, பூட்டின் வளையம் மாதிரி மேலே ஏறியது.

சித்தி பதிவேட்டை அப்படியே அவர் பக்கம் திருப்பினாள். அவர் அட்டையைப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அவ செத்த தேதி இல்லையே" என்றார்.

"இல்லங்க. ஆறு வருஷம் முன்னாடி உங்க அக்கா உயிரோட வந்து கையெழுத்துப் போட்ட தேதி. கீழ முகவரி இருக்கு. எழுந்திரிங்க."

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சித்தி முழங்கால் வலியை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தச் சந்தில் ஆட்டோ நுழையாது என்றதும் முதலில் குதித்து நடந்தது அவள்தான். பச்சை வண்ணக் கதவு. பூட்டுக்காரர் கதவைத் தட்டாமல் குனிந்து பூட்டைப் பார்த்தார்.

"மட்டமான பூட்டு. ஒரு ஹேர்பின் போதும்."

"அங்கிள், தட்டுங்க" என்றேன்.

தட்டினார். கதவைத் திறந்த அம்மாவுக்கு நரைத்த தலை, கையில் ஈரத் துணி. பூட்டுக்காரர் அட்டையை நீட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"கணக்குல எவ்வளவு?"

"இருபத்தி மூணு."

"அப்ப அப்பாகிட்ட காட்ட முடியாது" என்றாள். "உள்ள வா. பூட்டல, திறந்துதான் இருக்கு."

நாங்கள் உள்ளே போகவில்லை. சந்தின் முனைவரை சித்தி விறுவிறுவென்று நடந்தாள், மூக்கை உறிஞ்சினாள், தூசி என்றாள். நானும் தூசி என்றேன்.

பேருந்தில் உட்கார்ந்ததும் சித்தி கைப்பையைத் திறந்தாள். பதிவேடுகளைத் திருப்பிக் கொடுத்தபோது ஸ்டேப்ளர் தந்த சீட்டுகள், பின் அடித்து ஒன்றாக. நாலு.

"என் கையெழுத்துக்குக் கீழ நான் ஒரு கோடுதான் போடுவேன். இதுல ரெண்டு இருக்கு."

"பேருந்துல வெளிச்சம் சரியில்ல, சித்தி."

"அதை விடு. கையெழுத்துகூட பரவாயில்ல." சித்தி நாலாவது சீட்டை என் மடியில் வைத்து, தேடும் காரணம் என்ற கட்டத்தில் விரலை வைத்தாள். அதில் என் எழுத்தில், "அவர் திங்கட்கிழமை போகிறார்" என்று இருந்தது.

"ஏசிக்கு வர்றவ, கள்ளக் கையெழுத்துப் போட்ட சீட்டுல போய் உண்மையை எழுதுவாளாடி?"