சட்டைப் பொத்தானும் மட்டக்கம்பும்

1. பொத்தான்

டீச்சர் கடைக்குள் வந்து ஒரு சட்டைப் பொத்தானைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். அதற்கு ஜோடி கேட்கிறார் என்று நினைத்து நான் பொத்தான் டப்பாவை இழுத்தேன்.

"அது வேணாங்க்கா. இந்தப் பொத்தான்தான் நான்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் அப்போது பதுளை பஜாரில் ஒரு ஹாஜியாருடைய ஃபேன்சி கடையில் வேலை. ரிப்பன், வளையல், விளையாட்டுச் சாமான் எல்லாம் விற்போம். நமுனுகுல மலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, மலையில் கொழுந்து எடுத்து, பிறகு டவுனுக்கு வந்தவள் நான். எழுத்து எனக்குப் பேர் எழுதுகிற அளவுதான். ஆனால் பொம்மை வாங்க வருகிறவர்கள் ஹாஜியாரைத் தேட மாட்டார்கள், என்னைத்தான் தேடுவார்கள். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத் தோட்டம் ஒன்றில் டீமேக்கர் ஐயா இருந்தார். ஃபேக்டரியில் தேயிலைக்குப் பதம் பார்க்கிறவர். லண்டனில் இருந்த தம்பி அவருக்கு ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒருத்தராக இருப்பார்கள். ஒருத்தர் வாள் வீரன், ஒருத்தர் திருடன். ராட்சசன் வந்தால் என்ன செய்வாய் என்று கதைக்காரர் கேட்பார். பதில் சொல்லிவிட்டு தாயக்கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் சொன்னது நடக்கும். யார் எங்கே நிற்கிறார் என்று தெரிவதற்கு மேசையில் ஆளுக்கு ஒரு பொம்மை, பெருவிரல் உயரத்தில். அந்தப் பொம்மைகள் எங்கள் கடையில் வாங்கியவை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற இந்த டீச்சரை அவர்கள் போன பௌர்ணமிக்கு, போயா லீவுக்குத்தான் முதல் தடவை விளையாடக் கூப்பிட்டிருந்தார்கள். பொம்பளைப் பொம்மை இல்லை என்று டீமேக்கர் ஐயா தன் சட்டையில் தொங்கிய பொத்தானைப் பிய்த்து அவருக்காக வைத்துவிட்டாராம்.

"எல்லாரும் ஆளா நிக்கிறாங்க, நான் மட்டும் பொத்தான். பாதிக் கதையில என்னய மறந்துட்டாங்க. ஒரு தடவ எம்மேலயே டீக்கோப்பைய வச்சுட்டாங்கக்கா!"

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "இந்தப் போயாவுக்கும் பொத்தான்தான்னா நான் போகமாட்டேன். எனக்கு அந்த வெளயாட்டு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா போகமாட்டேன்."

2. ஆள் தேடியது

இந்தப் பொம்மை எடுப்பதில் முதலில் காலைப் பார்க்க வேண்டும். ஊன்றி நிற்காத பொம்மை தாயக்கட்டை பட்டால் விழும். விழுந்தால் செத்தானா, சறுக்கினானா என்று மேசையில் சண்டை. பிறகு உயரம். மற்றவனுடைய முழங்காலுக்கு நிற்கக் கூடாது. அதற்கப்புறம் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"உங்க ஆளு யாரு டீச்சர்?"

"மந்திரக்காரி."

"சூனியம் வைக்கிறவளா?"

"ஐயோ, இல்லக்கா! மந்திரம் படிச்சவ. கையில கோல் இருக்கணும்."

கடையில் இருந்த பொம்பளைகளை எல்லாம் வெளியே எடுத்தேன். கல்யாண கேக் மேல் வைக்கிற பொண்ணு மாப்பிள்ளையோடு ஒட்டியே இருந்தாள், பிரித்தால் அவள் கை போய்விடும். நத்தார் பண்டிகைக் குடிலில் வைக்கிற மாதா முழங்காலில் இருந்தார்.

"செட்ட ஒடைக்காத புள்ள" என்று ஹாஜியார் மேசையிலிருந்து சத்தம் போட்டார். "மாதா இல்லாத குடில யாரு வாங்குவா?"

கடைசியில் நீர்வீழ்ச்சி பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். முதுகில் கூடையோடு, கொழுந்து எடுக்கிற மரப்பொம்மை. கூடைப் பாரத்துக்குச் சரியாக முன்னால் சாய்ந்து, காலை நன்றாக ஊன்றியிருந்தாள். உயரமும் சரி.

டீச்சர் முகம் வாடிவிட்டது. "இவளா? எங்கம்மா இன்னும் மலையில கொழுந்துதான் எடுக்குது. அங்க இருக்கிறதெல்லாம் ஐயாமாரு. இத வச்சேன்னா, தோட்டத்து லயத்துல பொறந்த புள்ள புத்தியக் காட்டிட்டான்னு சிரிப்பாங்க."

"பொத்தானா இருந்தப்ப சிரிக்கலயா?" என்றேன்.

நான் பொம்மையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கை விரிந்திருந்தது. மற்றது மூடிய கை, உள்ளே ஒன்றும் இல்லை. மட்டக்கம்பு எங்கே? கொழுந்து எடுக்கிறவர்கள் செடிக்கு மேல் படுக்கப் போடுகிற நீளக் கம்பு அது. கம்புக்கு மேலே தலை நீட்டுகிற கொழுந்தைத்தான் எடுக்க வேண்டும், கீழே இருப்பதைத் தொடக் கூடாது. செதுக்கினவன் மலை ஏறிப் பார்த்ததில்லை போல.

எனக்கு அது பொறுக்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அளவாக நறுக்கி, அந்த மூடிய கைக்குள் ஊசியால் துளை போட்டுச் செருகி, பசை வைத்தேன். கண்ணாடி மேல் நிறுத்தினேன்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "அக்கா... கோல்!" என்றார்.

ஹாஜியார் எழும்பி வந்துவிட்டார். "கொழுந்து எடுக்கிறவ எப்பவாம் மந்திரக்காரி ஆனா?"

"நாள் பூரா மழையில நனைஞ்சு கொழுந்து எடுத்துட்டு, வீட்டுக்கு வந்து அத்தன பேருக்கும் ரொட்டி தட்டுறது மந்திரம் இல்லாம என்னாங்க ஹாஜியார்?"

அவரே கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்.

3. கம்புக்கு மேல

போயா கழிந்ததும் டீச்சர் வந்தார். அவர் சொன்னதை, இதை எனக்காக எழுதுகிறவரிடம் அப்படியே எழுதச் சொல்கிறேன்.

பொம்மையைப் பார்த்ததும் டீமேக்கர் ஐயா, "என்னா டீச்சர், கொழுந்து நிறுக்கவா வந்திருக்கா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். டீச்சருக்குக் காது சுட்டதாம், எழும்பிப் போய்விடலாமா என்று இருந்ததாம். போகவில்லை.

கதையில் சதுப்பு நிலம் வந்தது. புல்லுக்குள்ளிருந்து ராட்சசர்கள் எழும்பினார்கள். டீமேக்கர் ஐயாவுடைய வாள் வீரன் முதல் அடியிலேயே செத்தான். கதை சொன்ன டிஸ்பென்சர் ஐயா, தோட்டத்தில் மருந்து கொடுக்கிறவர், டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னா செய்யிறீங்க?"

"கம்பப் படுக்கப் போடுறேன்."

"போட்டு?"

"கம்புக்கு மேல தல நீட்டுறதெல்லாம் கொழுந்து. கிள்ளிருவேன்."

கட்டையை உருட்டினார். பெரிய எண் விழுந்தது. டிஸ்பென்சர் ஐயா புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பிடி ஒரு மந்திரம் இதுல இல்லையே" என்றார்.

பதில் சொன்னது, ஆள் செத்து சும்மா உட்கார்ந்திருந்த டீமேக்கர் ஐயா. "புத்தகத்துல இல்லாட்டி என்னாய்யா? நம்ம மலையில இருக்கு. செல்லும்!"

சொல்லி முடித்து டீச்சர் பொத்தானை என் கையில் வைத்தார். "திருப்பிக் குடுத்தேன், டீமேக்கர் ஐயா வாங்கலக்கா. ஒங்ககிட்டயே குடுக்கச் சொன்னாரு. அவருக்குப் புது ஆளு வேணுமாம்."

இப்போது கடையில் என்னோடு வேலைக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆள் வந்ததும் பொம்மைத் தட்டை நீட்டாதீர்கள். தட்டை நீட்டினால் இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் யாராக நிற்க ஆசைப்படுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த வாரம் டீமேக்கர் ஐயா வந்தார். பொத்தான் போன அதே சட்டை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. நான் பொத்தானைக் கண்ணாடி மேல் வைத்தேன்.

"ஒங்க ஆளு கிடைக்கிற வரைக்கும் நீங்க இதுதாங்கய்யா. அவரு யாருன்னு சொல்லுங்க, தேடுறேன்."

நன்றாக யோசித்தார். யாரும் கேட்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"சண்ட போதும்" என்றார் மெதுவாக. "சமையக்காரன் ஒருத்தன் கிடைப்பானா?"

கிடைத்தான்.