வெள்ளிக்கிழமை முதல் பிரிகிறார்கள்

போன புதன்கிழமை பெங்களூரு ஜோகுபாளையத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மா என் மகளின் கல்யாண வாழ்க்கையைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார். நான் வாடகைக்கு வீடு கேட்கத்தான் போயிருந்தேன்!

கையில் இருந்தது இரண்டே நாள். மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். கல்யாணமானதிலிருந்து வடக்கே ஒரே குவார்ட்டர்ஸில் குடும்பம். இப்போது அவருக்கு எல்லையில் போஸ்டிங் — மனைவி, குழந்தை கூடப் போக முடியாத இடம். வெள்ளிக்கிழமை சாவியை ஒப்படைத்தாக வேண்டும். முதல் முறையாக வீடு மாறுகிறார்கள். மாறும்போதே ஆளுக்கொரு திசை.

மகள் நித்யாவுக்கு அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அவளும் இரண்டு வயதுப் பேத்தியும் இங்கே வருகிறார்கள். ‘உங்கள் வீட்டிலேயே இருக்கலாமே?’ என்பீர்கள். நான் இருப்பது ஊருக்கு வெளியே, சந்தாபுராவில். அங்கிருந்து தினமும் அல்சூருக்குப் போய் வருவதும் ஓர் எல்லை போஸ்டிங்தான்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கென்று ராணுவத்தில் தனிக் குவார்ட்டர்ஸ் உண்டு. அதற்கு வெயிட்டிங் லிஸ்ட். இந்தக் குடும்பங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் — ‘செபரேட்டட் ஃபேமிலி’. புதிதாக ஒரு வார்த்தை கற்றுக்கொண்டால் நம்மால் சும்மா இருக்க முடியுமா? பார்த்த ஹவுஸ் ஓனர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்: “என் பொண்ணு செபரேட்டட் ஃபேமிலி சார்.”

முதல் ஓனர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அவர் இங்க வந்து கலாட்டா ஏதாச்சும்...?”

“அவர் வர்றதே கஷ்டம் சார். லீவு கிடைச்சாத்தான்.”

வீடு காலியில்லை என்றுவிட்டார். ‘டு-லெட்’ பலகை அவர் தலைக்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது! இரண்டாவது வீட்டிலும் இதே கதை. வடக்கே சாமான்களெல்லாம் லாரியில் ஏறத் தொடங்கிவிட்டன. எங்கே இறக்குவது? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவதுதான் இந்த அம்மா. தமிழ்க்காரர்தான், பல வருஷ பெங்களூரு, பேச்சில் கன்னடமும் எட்டிப் பார்க்கும். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

“பிரிஞ்சு எத்தனை வருஷமாச்சும்மா?”

“இன்னும் இல்லைங்க. வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து.”

“நாள் குறிச்சா பிரியறாங்க?”

“ஆர்டர் வந்துடுச்சே!”

“அய்யய்யோ... கோர்ட்ல முடிஞ்சே போச்சா! பெத்தவ நீங்க, சும்னே பாத்துட்டு நிக்கறீங்களே. போனைப் போடுங்க, நான் பேசறேன்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கப் பார்த்தேன். கேட்டால்தானே! வேறு வழியில்லாமல் வீடியோ கால் போட்டேன். திரையில், அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை.

“ஏம்ப்பா, கொழந்தை மூஞ்சிக்காகவாச்சும் சேர்ந்து இருக்கக் கூடாதா?”

திடீர் விசாரணை எல்லாம் அவருக்குப் பழக்கம். விறைப்பாக நின்றார். “எனக்கும் அதாம்மா ஆசை. மேல இருக்கறவங்க முடிவு பண்ணிட்டாங்க.”

அந்த அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். மேலே இருப்பது யார்? மாமியார்தானே! இந்த வயதுவரை அப்படி ஒரு பார்வையை நான் யாரிடமும் வாங்கியதில்லை.

நல்லவேளை, பின்னாலிருந்து நித்யா ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது அவளுக்கு. “அம்மா! இதை இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கே?”

அந்த அம்மா சிரிக்கவில்லை. போனை முகத்தருகே கொண்டுபோனார்.

“எப்போப்பா திரும்பி வருவே?”

ஒரு மாதமாக நான் கேட்காத கேள்வி. என்ன பதில் வருமோ என்ற பயத்தில் கேஸ் கனெக்‌ஷன், போர்வெல் தண்ணீர், பார்க்கிங் என்று மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சொல்ல முடியாதும்மா,” என்றார் மாப்பிள்ளை. நித்யாவின் சிரிப்பு நின்றது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. வீடு உங்களுக்குத்தான். அக்ரிமென்ட் பதினோரு மாசம். ரினியூ பண்ண நீதான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். வரலேன்னா... பாரு!”

“யெஸ் மேடம்!”

இத்தனை மாதத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்று அவருக்கு உத்தரவு போட்ட ஒரே மேலதிகாரி — எங்கள் ஹவுஸ் ஓனரம்மாதான்.