வாயைப் பொத்திச் சிரித்தவள்

பக்கத்து வீட்டில் புதிதாக டிவி வாங்கியிருக்கிறார்கள். நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு அதில் ஒரு பேய் சிரித்தது. இந்தச் சினிமாப் பேய்கள் எல்லாம் ஒரே வாத்தியாரிடம் சிரிக்கக் கற்றுக்கொண்டவையோ என்னவோ, ஐம்பது வருஷமாகச் சிரிப்பு மாறவே இல்லை. நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். இந்த வயதிலும் எனக்குப் பேய்ப் பயம் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும். உங்களிடம் சொல்வதற்கென்ன, அது பயம் இல்லை, வெட்கம். அப்படியொரு சிரிப்பை ஒரு காலத்தில் ஒரு பேய்க்கு எழுதிக் கொடுத்த பாவி நான்தான்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு, ராஜபாளையத்து மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. காலை ரயிலைப் பிடித்தால் முதல் சங்குக்குப் போய்விடலாம். ரயிலில் போகவர எனக்குத் துணை மாதாமாதம் வரும் திகில் நாவல்கள்தான். காகிதத் தட்டுப்பாட்டில் சாணி நிறக் காகிதத்தில் அச்சடித்திருப்பார்கள். எழுத்து பாதி அழிந்து போயிருக்கும். பேய் வரும் இடத்தில் எழுத்து அழிந்திருந்தால் இன்னும் பயமாக இருக்கும், மிச்சத்தை நாமே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டுமல்லவா? பட்டப்பகலில் நாலு பேருக்கு நடுவே உட்கார்ந்து வீராதி வீரனாக இதையெல்லாம் படித்துவிட்டு, பொழுது சாய்ந்தால் கொல்லைக் கிணற்றுப் பக்கம் போகாமல் தண்ணீர்த் தாகத்தை அடக்கிக்கொண்ட ஆள் நான்.

அந்த நாவல்களில் சில இன்னும் என் பெட்டியில் கிடக்கின்றன. விரித்தால் ஓரங்களில் கட்டை விரல் ரேகை கருப்பாகப் பதிந்திருக்கும். அது சவரிமுத்து அண்ணனின் ரேகை. மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மிஷின் பகுதியில் ஃபிட்டர். கிரீஸ் கையைத் துடைக்காமலே என் புத்தகத்தை வாங்கிவிடுவார். டிபன் வேளையில் பஞ்சு மூட்டை மேல் சாய்ந்து படித்துவிட்டு, ஒரு பேயும் சரியில்லை என்று குறை சொல்வார்.

ஒரு நாள் சொன்னார்: “எழுதுறவனுக ஒருத்தனும் வீட்ல சாவக் கொடுத்தவன் இல்ல தம்பி. செத்தவிய திரும்பி வந்தா பயமா வரும்? கொஞ்ச நேரத்துல திரும்பப் போயிருவாவளேன்னுல்லா பயம் வரும்.”

அவர் சொல்வதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி ஆரோக்கியம் காலராவில் ஒரே நாளில் போய்விட்டாள். அப்போது மகள் செசிலிக்குப் பத்து மாதம். ஆரோக்கியத்துக்குப் பிறந்த ஊர் வ. புதுப்பட்டி, அங்கேதான் அடக்கம். உயிரோடு இருந்தபோது ராஜபாளையத்தில் அவர்கள் வீட்டில் அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே முகம் சுளிப்பார்கள். அவள் வறுத்த கருவாட்டைத் தின்றுவிட்டு, வாசனை போக வேப்பிலையை மென்றுகொண்டு நான் ரயில் ஏறுவேன். அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிப்பாள். முன்பற்கள் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும். அந்தக் கூச்சத்தில் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். பாத்திரம் கழுவிய ஈரக் கையாக இருந்தாலும் அப்படியே பொத்திவிடுவாள், மோவாயில் தண்ணீர் வழியும். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அவளைப் போட்டோ பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

செசிலிக்கு நாலு வயது ஆனபோது அண்ணன் ஒரு கதை எழுதினார். மில்லில் கழித்துப் போட்ட பாரத் தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலில். பேய்க் கதைதான். மனைவியை இழந்த ஒருவன் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வருகிறான். பின்வாசலில் யாரோ குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்கிறது. “சாப்ட்டியளா?” என்று ஒரு குரல் கேட்கிறது. அவன் கதவைத் திறக்கிறான். யாரும் இல்லை. மண்ணில் குடம் வைத்த ஈர வட்டம் மட்டும் இருக்கிறது. அன்றிலிருந்து அவன் பின்கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. அவ்வளவுதான் கதை. அண்ணன் வீட்டிலும் பின்கதவுக்குத் தாழ் போடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். படித்து முடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கண்ணும் கலங்கியது.

மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று நான்தான் நச்சரித்தேன். அவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஆபீஸிலேயே பேர். ஆகவே நகல் எடுக்கிற வேலை எனக்கு வந்தது. இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். கடைசி வரிக்கு வந்தபோது என் மூளை வேலை செய்தது. ஈர வட்டத்தைப் பார்த்து எந்த வாசகன் பயப்படுவான்? நூறு திகில் நாவல் படித்த மேதாவி அல்லவா நான்! தாழ்ப்பாள் போடாத வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: ‘இருளுக்குள்ளிருந்து அவள் வீரிட்டுச் சிரித்தாள்.’ அண்ணனிடம் காட்டாமலே தபாலில் சேர்த்தேன். பென்சில் தாள்களை அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டாயிற்று. நகல் எடுத்த பிறகு அழுக்குத் தாள் எதற்கு?

கதை அச்சாகி வந்தது. அண்ணன் பத்திரிகையைக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினார், அது ஒன்றுதான் அவர் கழுவிய கையோடு தொட்ட புத்தகம். கடைசி வரியில் வெகுநேரம் நின்றார்.

“பத்திரிகைக்காரன் மாத்திருக்கான் போல. அவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியாதே” என்றார்.

நான் ஆமாம் என்றேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே கதை சினிமாவாக வந்தது. பட முதலாளிகள் கடிதம் போட்டுச் சம்மதம் கேட்டபோது மில்லே திருவிழாக் கோலம் பூண்டது. டெண்டுக் கொட்டகைக்குப் படம் வந்த அன்று அண்ணன் செசிலிக்கு எண்ணெய் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னி, ஈஸ்டருக்குத் தைத்த கவுனைப் போட்டுக் கூட்டி வந்தார். அவளிடம் என்ன சொல்லியிருந்தார் தெரியுமா? “அங்க அம்மா வருவா, நல்லாப் பாத்துக்கோ” என்று சொல்லியிருந்தார். ஏழு வயதுக் குழந்தை. அம்மா முகத்தை அறியாதது. திரையில் வருவது அம்மா என்று நம்பிக்கொண்டு வந்தது.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். பெண்கள் பக்கத்துக்கு வாசலே வேறு. செசிலியை அடுத்த வீட்டு அம்மாளோடு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். மில் ஃபிட்டரின் வீடு படத்தில் பங்களாவாகியிருந்தது. தோட்டத்தில் டூயட் இருந்தது, ஒரு கோமாளி சமையல்காரன் இருந்தான். குடம் இல்லை, ஈர வட்டம் இல்லை, சாப்ட்டியளா என்ற கேள்வி இல்லை. மொத்தக் கதையிலும் அவர்கள் பத்திரமாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வரியை, அதுவும் என் வரியை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வாய் கிழிய, பல்லெல்லாம் தெரிய அந்த நடிகை சிரித்தாள். ஒரு தடவை இல்லை, ரீலுக்கு ரீல் சிரித்தாள்.

பத்திரிகையோடு நின்றிருந்தால் அந்த வரிகூட அவ்வளவு கெடுதல் செய்திருக்காது என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். படிக்கிறவன் தனக்குத் தெரிந்த முகத்தை, தனக்குத் தாங்குகிற அளவு சத்தத்தைத்தான் அங்கே வைத்துக்கொள்வான். திரைக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. முந்நூறு பேருக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிடும். முகமே இல்லாமல் காத்திருந்த குழந்தைக்கும் அதையே கொடுத்தது.

முதல் சிரிப்பிலேயே சுவருக்கு அந்தப் பக்கம் செசிலியின் அலறல் கேட்டது. அண்ணன் எழுந்து சுவரைத் தாண்டப் போனார். ‘லேடீஸ் சைடு’ என்று டிக்கெட் கிழிப்பவன் பிடித்து நிறுத்திவிட்டான். வெளியே ஓடி, கொட்டகையைச் சுற்றி, அந்த வாசலில் கெஞ்சி உள்ளே போவதற்குள் அந்த ரீல் முடிந்து, அடுத்த ரீல் மாட்டுவதற்காக விளக்கு போட்டார்கள். செசிலி யாரோ ஒரு பெண்ணின் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள், கவுனெல்லாம் மணல். சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. பேய்ப் படத்தில் பிள்ளைகள் பயந்தால் சிரிப்பது வழக்கம்தானே.

திரும்பி நடக்கும்போது அண்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “தப்பு என்னுதுதான் தம்பி. அம்மா வருவான்னு சொல்லி ஏமாத்திட்டேன்.” அப்போதும் நான் அவள் கவுனில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டுதான் நடந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் செசிலி பின்கதவுக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாளாம். எட்டவில்லை என்று முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் போட்டாளாம். அண்ணன் அதைத் திறக்கவில்லை. ஆறு வருஷமாகத் தாழ் போடாமல் இருந்த கதவு.

கல்லறைத் திருநாள் வந்தது. வருஷா வருஷம் வ. புதுப்பட்டிக்கு அவர்களோடு நானும் போவேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பூக்கடையில் செவ்வந்தி வாங்கிக் கொண்டுபோவது என் பொறுப்பு. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்ததும், செசிலிதான் மெழுகுவர்த்தி ஏற்றி, தலைமாட்டில் குனிந்து தன் பள்ளிக்கூடச் சமாச்சாரங்களை எல்லாம் சொல்வாள். அந்த வருஷம் அவள் வாசல் நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். அண்ணன் அவளை அடிக்கவில்லை, இழுக்கவில்லை. என்னைத் துணைக்கு வைத்துவிட்டு, சுண்ணாம்பு வாளியோடும் என் பூவோடும் தனியாகப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் செசிலி கேட்டாள்: “மாமா, நீங்க எங்கம்மயப் பாத்திருக்கியள்லா? அப்படித்தான் சிரிப்பாவளா?”

“சினிமால வாரதெல்லாம் பொய் தாயி” என்றேன்.

“கதைய அப்பாதான எழுதுனாவ. அப்பா பொய்யா எழுதுவாவ?”

அப்பா எழுதவில்லை, நான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை, தடுக்க ஆள் இல்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு அம்மா திரும்பக் கிடைத்திருப்பாள். அண்ணனுடைய சிநேகிதம் போய்விடுமே என்று பயந்தேன். மாமா கெட்டவன் என்று அந்தக் குழந்தை நினைத்துவிடுமே என்றும் பயந்தேன். கடையில் கடலை மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் அண்ணன் கோயம்புத்தூர் மில்லுக்கு மாறிப் போனார். ஒரே ஒரு கடிதம் வந்தது. செசிலியைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்திருப்பதாகவும், அவள் அம்மா பேச்சை எடுப்பதே இல்லை என்றும் எழுதியிருந்தார். உண்மையைச் சொல்லிப் பதில் போட்டேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். போடவில்லை. அண்ணன் இறந்த செய்திகூட ஆறு மாதம் பிந்தித்தான் வந்தது. செசிலிக்குக் கல்யாணமாகி எங்கேயோ வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள்.

டெண்டுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். அந்தப் படத்தின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை, பிரதியும் எங்கும் இல்லையாம். பத்திரிகை நின்று போயிற்று. பென்சிலில் எழுதிய கதையைத்தான் நானே எரித்துவிட்டேன். ஆரோக்கியம் சிரித்ததைக் கண்ணால் பார்த்தவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். உன் அம்மாவின் முன்பல் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும், சிரித்தால் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள், சத்தமே வராது என்று ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். அவளுக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். எந்த ஊரில், எந்தக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு இருக்கிறாளோ, எனக்குத் தெரியவில்லை.