இரண்டு பேர் உட்காரும் வண்டி

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குக் கப்பலேறக் காத்திருந்த வெள்ளைக்காரர்கள் மேஜை, நாற்காலி, பியானோ, நாய் என்று எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அடையாற்றில் ஒரு கம்பெனி துரை விற்க வைத்திருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம். கூரை கிடையாது, இருக்கை இரண்டே இரண்டு, தரையோடு தரையாகக் கிடக்கும். வாங்கினால் இதைத்தான் வாங்குவது என்று பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒன்றை முடிவு செய்தால் மாற்றிக்கொள்ளும் பழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. என் வீட்டில் கேட்டால் இதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

எனக்கும் அந்தக் காருக்கும் நடுவில் நின்றவர் என் அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தி. நகரில் பனகல் பூங்காவுக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்தவர். கடையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அதில் பெரிதாக எடுக்க வேண்டுமானால் அவர் வாயிலிருந்து 'சரி' வர வேண்டும். காரை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இருக்கையின் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். எந்தச் சரக்கானாலும் அவருக்கு அது ஒன்றுதான் சோதனை.

"ஏலே, இதே வெலைக்கு நாலு கதவு வச்ச காரு கெடைக்கும். அஞ்சு பேரு உக்காரலாம். ஆள் ஒண்ணுக்கு என்ன வெலைன்னு பாத்தியா?"

"வேகம் இருக்குண்ணே."

"வேகத்த மடிச்சு அலமாரியில வைக்க முடியுமா? அளந்து காட்டு, பாப்போம்."

சரி, அளந்தே காட்டுகிறேன் என்றேன். மாம்பலத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகும் காலை மின்சார ரயிலில் அண்ணன் ஏற வேண்டும். ரயில் நகரும்போது நானும் ஸ்டேஷன் வாசலிலிருந்து கிளம்புவேன். அவர் பீச்சில் இறங்கி வெளியே வருவதற்குள் நான் அங்கே நின்றால் கார் எனக்கு. நிற்காவிட்டால் கார் துரைக்கே திரும்பிப் போகும், பணம் நாலு கதவுக்குப் போகும். அண்ணனுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ரயிலை ஜெயிக்க முடியாத காருக்குப் பதில் ரயில் டிக்கெட் வாங்கினால் போதாதா என்று கடைச் சிப்பந்திகளிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரை மூன்று நாளுக்கு வண்டியைத் தந்திருந்தார். சனிக்கிழமை அவருக்குக் கப்பல்.

முதல் நாள் காலை வண்டியை எடுக்க வந்தால் அதன் முகமே தெரியவில்லை. மதினி, அண்ணனின் மனைவி, விடியும் முன்பே எழுந்து பூஜை போட்டிருந்தாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கண்ணாடியில் சந்தனம் குங்குமம், முன்னால் ஒரு மாலை. அது சாதாரண மாலை இல்லை. சாமந்தியும் மருக்கொழுந்தும் நெருக்கிக் கட்டி, என் தொடை கனத்துக்கு இருந்தது. எங்கள் கடைக் காருக்கு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அதே அளவில்தான் கட்டுவாள். பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்தில் பின்னால் கரியடுப்பைச் சுமந்து கரிவாயுவில் ஓடிய கிழட்டு வண்டி அது. மாலையோடு உருளும், யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

"இன்னும் வாங்கவே இல்லையே மதினி" என்றேன்.

"வாசலுக்கு வந்த வண்டிய வெறுமனேயா அனுப்புவாங்க? போயிட்டு வாங்க தம்பி."

ரயில் நகர்ந்தது. நானும் கிளம்பினேன். தேனாம்பேட்டையில் மவுண்ட் ரோட்டைப் பிடித்ததும் மிதித்தேன் பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. டிராமும் மாட்டு வண்டியும் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன். ரவுண்டாணாவை எட்டும்போது எஞ்சின் மூடியின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தினேன். ரேடியேட்டர் குமுறிக்கொண்டிருந்தது.

குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் வாளியோடு வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இவ்ளோ பெரிய மாலைய மூஞ்சில கட்டிக்கினு வந்துகீற? மூக்க பொத்திக்கினு ஓடுன்னா என் குதிரகூட ஓடாது. காத்து எப்டி உள்ள பூரும்?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காரைப் பற்றி ஒரு மாதமாக வாய் ஓயாமல் பேசியவன் நான். காற்று பட்டுத்தான் ரேடியேட்டர் குளிரும் என்பது தெரியாதவனும் இல்லை. வீட்டில் கட்டிய மாலை என்பதால் கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படவில்லை. எஞ்சின் ஆறி, குதிரையின் வாளியிலிருந்து தண்ணீர் ஊற்றி, பீச் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் இரண்டாவது காப்பியை முடித்திருந்தார்.

"முடிஞ்சு போச்சுல்லா?" என்றார்.

"முடியலை. வண்டி மேல தப்பில்லை. மாலைதான் காற்றை அடைச்சிடுச்சு. நாளைக்கு மறுபடியும் பார்க்கணும்."

அண்ணன் ஒப்புக்கொண்டார். இதை அங்கேயே சொல்லி நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்று, கத்திச் சொன்னேன். மதினி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இந்தப் பட்டணத்துக்கு வந்த ஒன்பது வருஷத்தில் அவள் போன இடம் கோயில், கடை, மறுபடி வீடு. அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"என் கையால கெட்டுன மாலையவா கொற சொல்லுதிய?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நாளைக் காலை வண்டியின் முகத்தில் ஒரு பூ கூட இருக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தேன்.

மறுநாள் காலை வண்டியின் முகம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பக்கத்து இருக்கையில் மதினி உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் புடவை, மடியில் புது மாலை, நேற்றைய அதே கனம்.

"மாலை மடியில இருந்தா காத்த அடைக்காதுல்லா? நானும் வாரேன். தோத்தா யார் மேல தப்புன்னு நானே பாத்துக்கிடுதேன்."

ரயிலுக்குப் புறப்பட்டு நின்ற அண்ணன் அவள் மடியிலிருந்த மாலையை ஒரு பார்வை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அன்று மவுண்ட் ரோட்டில் முள் அறுபது மைலைத் தாண்டியது. மதினி முதலில் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கதவை விட்டுவிட்டு மாலையைப் பிடித்துக்கொண்டாள். பூக்கள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து எங்கள் தலைக்கு மேல் பறந்தன. ரவுண்டாணாவில் அந்த ஜட்காக்காரர் கையைத் தூக்கிக் காட்டினார். நான் பயத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கோட்டையைத் தாண்டும்போதுதான் பக்கத்தில் சத்தம் கேட்டுத் திரும்பினேன். மதினி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பீச் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆறு நிமிஷம் காத்திருந்த பிறகுதான் ரயில் வந்தது. அண்ணன் வெளியே வந்தார். "நாங்க வந்து ஆறு நிமிஷமாச்சுண்ணே" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம். ஆறு நிமிஷத்துக்கு இந்த வெலையா?"

அதற்குத்தான் இரண்டு நாளாக நான் பதில் தயார் செய்துவைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் பார்வை மதினி பக்கம் போய்விட்டது. அவள் கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. கையில் ஒரு முழ வாழைநார் மட்டும் இருந்தது, பூ ஒன்றுமில்லை.

"மாலை எங்க?"

"வழியெல்லாம் போட்டுட்டு வந்துட்டேன்" என்றாள். மறுபடியும் சிரித்தாள்.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருஷத்தில் தன் மனைவியை அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து அட்டை டிக்கெட் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். திரும்பிப் போவதற்கு அவர் வாங்கிவைத்திருந்த டிக்கெட்.

"எறங்குலே. நீ ரயில்ல வா. கடைக் கார ஓட்டுதவனுக்கு இத ஓட்டத் தெரியாதா?"

"அப்போ துரைகிட்ட என்னண்ணே சொல்ல?"

"சரின்னு சொல்லு."

மாம்பலத்தில் இறங்கி, காய்கறிக்காரிகளின் கூடைகளுக்கு நடுவே நுழைந்து, வேகமாகத்தான் நடந்தேன். ரயிலை ஜெயித்த காராயிற்றே, எனக்கு முன்னால் வீட்டு வாசலில் நிற்கும் என்று நினைத்தேன். வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம்தான் இருந்தது. வீட்டை ஒட்டிய எங்கள் கடையில் சிப்பந்திகள் பூட்டிய கதவின் முன் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாளும் ஒன்பது மணி தப்பாமல் கடை திறந்த அண்ணன், மதினியோடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. வண்டியின் தரையெல்லாம் கடற்கரை மணலாக இருந்தது.