சாரையின் கண்ணில் பால் படர்ந்த நாட்கள்

பாம்புக்கு என்ன ஆயிற்று என்று என் அண்ணி கேட்டது ஒரு திங்கட்கிழமை. எனக்கு என்ன ஆயிற்று என்று அவள் யோசிக்கத் தொடங்கியது புதன்கிழமை. நடுவில் இருந்த செவ்வாய்க்கிழமையை நிம்மதியாகக் கழித்திருக்கிறேன், அது நிம்மதி என்று தெரியாமலேயே.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், ஐப்பசி. எனக்கு இருபத்திரண்டு வயது. கணவர் கொழும்பில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. மார்கழியில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். அதற்குள் எருமப்பட்டியிலிருந்து அவருடைய அண்ணன் வந்து என்னைப் புகுந்த வீட்டுக்குக் கூட்டிப்போவார் என்று பேச்சு. அதுவரைக்கும் ராசிபுரத்தில் என் அண்ணன் வீட்டில், ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டு, ஓட்டில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அந்த வீட்டில் மூன்று தறி. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்குவார்கள். எலிக்கு அந்தக் கஞ்சி வாசம் கல்யாண விருந்து. ஒரே இரவில் நாலு இடத்தில் கடித்து வைத்தால் ஒரு வாரத்து வேலை போய்விடும். போன முறை நான் வந்து தங்கியிருந்தபோது கடலைக்கொடிக் கட்டோடு ஒரு சாரைக்குட்டி வந்து சேர்ந்தது. எல்லோரும் தடி தேடினார்கள். நான் கையை நீட்டினேன். அது என் மணிக்கட்டில் ஏறி, வளையலுக்குள் தலையை விட்டு, அங்கேயே நின்றுவிட்டது. பிறகு அது பரணில் குடியிருந்தது. எலி குறைந்தது. நான் புகுந்த வீடு போய்த் திரும்பி வந்தபோது அது என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது, ஆனாலும் கையை நீட்டினால் வந்தது. அண்ணன் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார். காலையில் தறியில் உட்காரும்போது மேலே பார்த்து, "மேஸ்திரி வந்துட்டாருங்களா?" என்பார்.

அந்த ஐப்பசியில் பரண் ஒழுகியது. சாமான்களை இறக்கியபோது மேஸ்திரியையும் இறக்கி, மூடி போட்ட மூங்கில் கூடையில் தறிக்கூடத்து மூலையில் வைத்தோம். பரணில் இருந்த வரைக்கும் மாதத்துக்கோ இரண்டு மாதத்துக்கோ ஒருமுறை அது பத்து நாள் கண்ணில் படாது. எங்கே போனாய் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கூடையில் இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் அதன் மினுமினுப்பு போனது. புளி காணாத பித்தளைச் செம்பு மாதிரி மேலெல்லாம் மங்கல், வயிற்றுப்பக்கம் லேசாகச் சிவப்பு. செத்த எலியைப் போட்டால் முகத்தைத் திருப்பியது. செவ்வாய்க்கிழமை கையை விட்டேன். கழுத்தைப் பருக்கவைத்துச் சீறியது, என்னைப் பார்த்து முதன்முதலாக. புதன்கிழமை விடிந்ததும் மூடியைத் திறந்தால் கண்கள் இல்லை. அந்தப் பெரிய உருண்டைக் கருப்பு இருந்த இடத்தில் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில், ஓரத்தில் நீலம் ஓடி, இரண்டு வெறும் வட்டங்கள்.

எனக்குச் சந்தேகம் அண்ணி மேல் போனது. கஞ்சியில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அவள் மயில்துத்தம் என்கிற நீல விஷத்தைக் கரைத்து ஊற்றுவாள். அந்த நீலமும் இந்த நீலமும் ஒன்றுதானே என்று தோன்றியது. கூடையில் வைத்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். வெறும் கிணற்றுத் தண்ணீர். வாசல் வெளிச்சத்தில் கூடையைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. மூக்கில் நுரை இல்லை, மூச்சில் கரகரப்பு இல்லை. எங்கள் வீட்டுக் கோழிக்குக் கண்நோய் வந்தபோது ஒரு கண்தான் கெட்டது. இதற்கு இரண்டும் ஒரே அளவில், ஒரே நாளில். சீக்கு இப்படி நியாயமாகப் பங்கு போட்டுக்கொண்டு வருமா? சட்டை உரிக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் நம்பினேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா மோர் வாங்க வந்தாள். கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனம்மிணி, உங்க மேஸ்திரிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாட்ட இருக்குது."

"சட்டை உரிக்கப் போகுதுங்கக்கா."

"சட்டை உரிக்கறதுக்குக் கண்ணு எதுக்குப் போகோணும்? நாம சீலை மாத்தறப்ப நமக்குக் கண்ணா போகுது?"

தான் சொன்னதற்குத் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணி பக்கம் திரும்பினாள்.

"முழுகாம இருக்கறவ நெழலு பட்டா பாம்புக்குக் கண்ணு தெரியாதும்பாங்க. உங்கூட்ல ஆருங்க?"

"நான் போன வாரந்தானுங்க ஒதுங்கி எந்திரிச்சேன்" என்றாள் அண்ணி.

அந்த வீட்டில் இருந்த பெண்கள் இரண்டே பேர். மோர்ச்செம்பை வாங்கிக்கொண்டு எதிர்வீட்டு அக்கா தெருவைக் கடந்து போன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

புரட்டாசியில் எனக்கு விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல் வந்து உடம்பு உருகிப் போயிருந்தது. அதிலிருந்து நாள் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நான் ஒதுங்கி உட்காரவில்லை என்பது அண்ணிக்குத் தெரியும். காய்ச்சலுக்குப் பிறகு அப்படித்தான் ஆகும் என்று அவளேதான் சொல்லியிருந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு அதைச் சொல்லவில்லை. கருவாடு வறுக்கும்போது என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, ஏதும் வேலை சொல்லாமல் என் முகத்தையே பார்த்தாள். நெல்லிக்காயைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய், கொஞ்ச நேரம் கழித்து வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். நான் தொடவில்லை. தொட்டால் ஒரு அர்த்தம், தொடாவிட்டால் ஒரு அர்த்தம்.

பாம்பு தின்னவில்லை, பயத்தில் நானும் தின்னவில்லை. அது மூலைக்குள் சுருண்டது, நான் ராட்டையை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அது சீறியது, நான் எரிந்து விழுந்தேன். புழுக்கம் தாங்காமல் அது தண்ணீர்ச் சட்டிக்குள் போய்ப் படுத்தது, நான் இரண்டு வேளை குளித்தேன். இப்படி நான் செய்ததெல்லாம் வேறொன்றாகப் படிக்கப்பட்டது. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு என் வயிற்றை நானே தடவிப் பார்த்தேன். பதினோரு மாதம் கடல் கடந்து இருக்கிற மனிதர், வேறு எவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காத நான். ஆனாலும் தடவிப் பார்த்தேன். சந்தேகம் தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்து, வீட்டுக்குள்ளிருந்து என் புடவைக்குள் வந்துவிட்டது.

ஏணி வைத்துப் பரணில் ஏறினேன். பழைய சட்டை கிடைத்தால் காட்டலாம், கண்ணிலிருந்த மங்கல் தோலோடு சேர்ந்ததுதான் என்று நிரூபிக்கலாம். கிடைத்தன, துண்டு துண்டாக, உடம்பும் வாலுமாக. தலைப்பக்கம் ஒன்றுகூட இல்லை. எலி தின்றிருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை காலை மூடியைத் திறந்தேன். மேஸ்திரி என்னைப் பார்த்தது. கண்கள் கழுவிவிட்ட மாதிரி, கருப்பாக, ஈரமாக. ஆனால் சட்டை உரியவில்லை. அண்ணியைக் கூப்பிட்டேன்.

"கண்ணு தெளிஞ்சிருச்சுங்க அண்ணி."

அவள் பாம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னை அதைவிட அதிக நேரம் பார்த்தாள்.

அன்று மத்தியானமே, புரட்டாசியிலிருந்து தள்ளிப்போனது வந்துவிட்டது. பின்கட்டுக் கொட்டகையில் ஒதுங்கி உட்கார்ந்தேன். இனி என்ன பேச முடியும் இவர்களால் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை கிணற்றடியில் எதிர்வீட்டு அக்காவும் அண்ணியும் பேசினார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான்.

"கண்ணு தெளிஞ்சிருச்சாமா?"

"தெளிஞ்சிருச்சு. அவளும் அன்னைக்கே ஒதுங்கிட்டா."

"ரெண்டும் ஒரே நாளுங்களா?" எதிர்வீட்டு அக்கா கயிற்றை இழுப்பதை நிறுத்தினாள். "அப்ப என்னமோ தின்னிருக்கறாளுங்க. கலைஞ்சா பாம்புக்குக் கண்ணு திரும்பிருமாமா."

"ஆரு கண்டா" என்றாள் அண்ணி.

அன்று சாயங்காலம் அண்ணன் கொல்லைக்கு வந்தார். கொட்டகையில் இருந்த என்னிடம், "சோறு தின்னயா சாமி?" என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. தறியை விட்டு எழுந்தால் நேராகப் போய் நேராக வருகிற மனிதர், பப்பாளி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு காயாகப் பார்த்தார். அந்த வாரம் நான் அனுபவித்ததில் அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். எருமப்பட்டி மாமாவும் அன்றுதான் வந்தார். கணவரின் அண்ணன், சத்தமாகப் பேசி எல்லோரையும் சொந்தமாக்கிக்கொள்கிறவர். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"ஏனுங்க, இங்க வளக்கற பாம்புக்குக் கண்ணு போச்சாமா? பஸ் நிக்கற எடத்துல ரெண்டு பேரு பேசிக்கிட்டிருந்தாங்க."

அண்ணன் தறியில் நூல் ஓட்டும் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது. மாமா தானே போய்க் கூடை மூடியைத் தூக்கினார். மேஸ்திரி நாக்கை நீட்டி அவரை அளந்தது.

"என்னையவிட நல்லாப் பாக்குதுங்களே. ஊர்ச்சனத்துக்கு வேலை இல்லீங்க." மூடியைப் போட்டார். "அம்மிணியக் கெளம்பச் சொல்லுங்க, ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

ஒரு நொடியில் தப்பித்துவிட்டேன். மங்கிய கண்ணைப் பார்க்காதவர் அவர், அதனால் அவருக்குச் சந்தேகம் இல்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறியிருந்தால் போதும். ஆனால் இந்த வீட்டில் இருந்த இரண்டு பேர் பால் படர்ந்த கண்ணையும் பார்த்தவர்கள், தெளிந்த கண்ணையும் பார்த்தவர்கள். இப்போது போனால் கலைத்துவிட்டுப் போனவளாகத்தான் போவேன். தாய்வீடு என்று ஒன்று எனக்கு அதன்பிறகு இருக்காது.

கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னேன்: "ரெண்டு நாள் பொறுத்து வாரேனுங்க."

"எதுக்கு?"

"அது சட்டை உரிக்கோணுங்க."

"அதுக்குக்கூடத் துணைக்கு ஆள் வேணுமா?" என்று சிரித்தார். பிறகு அவருக்கும் ஏதோ பட்டிருக்க வேண்டும், சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். "சரி. எனக்குச் சேலத்துல செவ்வாய்ப்பேட்டைக்குப் போற சோலி இருக்குது. சனிக்கிழமை திரும்பறப்பக் கூட்டிக்கறேன்."

அவர் போனதும் அண்ணி பக்கத்தில் வந்தாள்.

"அவருதான் ஒண்ணும் நெனைக்காமக் கூப்பிட்டாரே. போயிருக்கலாமில்ல?"

"நான் போனா நீங்க என்ன நெனைப்பீங்க?"

"நான் என்னத்த நெனைக்கறேன்."

"அதப் பாக்கத்தான் இருக்கறேனுங்க அண்ணி."

கூடையைத் தூக்கிப் போய் அவள் உட்கார்ந்து நூல் சுற்றும் இடத்தில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியை எடுத்துவிட்டேன். உள்ளே சொரசொரப்பான கல் ஒன்று, தண்ணீர்ச் சட்டி ஒன்று. பிறகு நான் கிட்டவே போகவில்லை. நான் தொட்டால், அவளே உரித்துவிட்டாள் என்று சொல்வார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. ஒருவேளை சீக்குத்தானோ, ஒருவேளை உரிக்காமலே செத்துவிடுமோ, அப்போது என் வயிற்றில் இல்லாத பிள்ளைக்கு யார் சாட்சி என்று கூடத்துக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை வெயில் ஓட்டுச் சந்தில் இறங்கிய நேரம். "அம்மிணி, இங்க வா" என்றாள் அண்ணி. ராட்டை நின்றுபோயிருந்தது.

மேஸ்திரி மூக்கைக் கல்லில் தேய்த்தது. உதட்டோரம் தோல் வெள்ளையாகக் கிளம்பியது. கல்லுக்கும் கூடைக்கும் நடுவில் தலையை நுழைத்து முன்னால் போனது, தோல் பின்னால் நின்றது. ஈரச்சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருமே, அப்படி முழுசாகத் திரும்பிக்கொண்டு வந்தது. கால்மணி நேரம் ஆகியிருக்கும். புதுப்பாம்பு எண்ணெய் தேய்த்த மாதிரி ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. அண்ணி குனிந்து சட்டையை எடுத்தாள். தலைப்பக்கம் தடவித் தடவி வந்த அவள் விரல் நின்றது. கண் இருந்த இடத்தில் ஓட்டை இல்லை. மீன் செதில் மாதிரி, கண்ணாடி மாதிரி, இரண்டு பக்கமும் இரண்டு சிறு மூடிகள்.

"கண்ணு மேலயும் சட்டை இருக்குது" என்றாள்.

சட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நான் எதிர்வீட்டு அக்காகிட்ட மட்டுந்தான் சொன்னேன் அம்மிணி."

"பஸ் நிக்கற எடத்துலயே கேட்டுட்டுத்தான் வந்தாருங்க அண்ணி."

அவள் முகம் சுருங்கியது. எழுந்து ஒரு முறத்தை எடுத்து, சட்டையை அதில் வளைத்து வைத்து, பட்டப்பகலில் தெருவில் இறங்கினாள். தடுக்கத் தோன்றவில்லை எனக்கு. வாசல்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எதிர்வீட்டில் நுழைந்தாள். அங்கிருந்து அடுத்த வீடு. மூன்றாவது வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. என்ன சொல்கிறாள், எப்படிச் சொல்கிறாள், யார் சிரித்தது, எதற்குச் சிரித்தது? என் காதுக்கு எதுவும் எட்டவில்லை. உள்ளே அண்ணன் தறி ஓட்டிக்கொண்டிருந்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

நான் மூட்டையைக் கட்டி முடிக்கும்போது திரும்பி வந்தாள். பல கை பட்டதில் சட்டையின் வால்பக்கம் கிழிந்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. நல்ல காரியம் செய்துவிட்டு வந்தவளின் முகம்.

"தெருவுல ஒரு ஊடு விடலை, எல்லாத்துக்கும் காட்டிட்டேன்" என்றாள். "கடைசி மூணு ஊட்டுக்காரிங்களுக்கு ஒண்ணுமே தெரியலை பாரு. மொதல்ல இருந்து ஒண்ணு விடாமச் சொல்லித்தான் காட்ட வேண்டியதாப் போச்சு."