அக்காவின் காசுகளை நான் துலக்கியது

அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு வருஷம் கழித்தும் வந்து நிற்கிற உறவினர், நண்பர் எல்லோருக்கும் என் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் ஆரணிக்குப் பட்டு வாங்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது என் கடைக்கு வழியைத்தான். எனக்கு எழுத வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்கா தேசூரில் பிறந்தவர். அம்மா போனபின் என்னை வளர்த்தவர். முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளருக்கு வாழ்க்கைப்பட்டார். பிள்ளை இல்லை. மாமாவும் சீக்கிரம் காலமாகிவிட, நான்தான் கூட்டி வந்து என் வீட்டுப் பின்கட்டில் வைத்தேன். முப்பது வருஷம் சோறு போட்டேன். அதை ஊரிலும் சொன்னேன், அக்கா காதுபடவும் சொன்னேன்.

அக்காவின் சொத்து, மாமா விட்டுப்போன ஒரு டப்பா பழங்காசு. நூல் சுற்றிய கூலியில் பழைய பாத்திரக் கடைகளில் தேடித் தேடி மேலும் சேர்த்தார். எல்லாம் கறுத்துக் கிடக்கும். ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து வைத்து, "இது நவாபு காலத்துது, இது கும்பெனி காலத்துது" என்பார். "பிச்சைக்காரன்கூட தொட மாட்டான்க்கா" என்று வேலையாட்கள் முன்னாலேயே சிரித்திருக்கிறேன்.

அக்கா காலமாவதற்கு இரண்டு வருஷம் முன்பு, வேலூர் பழங்காசு வியாபாரி ஒருவர் வந்து பார்த்து நல்ல விலை சொன்னார். முள்ளிப்பட்டில் மாமா தறி போட்டிருந்த சின்ன வீட்டை, அதன் சொந்தக்காரர் அக்காவுக்கே விற்பதாகச் சொல்லியிருந்தார். மீதிக் காலத்தை அங்கே, யார் சோற்றையும் தின்னாமல் கழிக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சரி என்றேன்.

வியாபாரி பணத்தோடு வருவதற்கு முந்தின நாள் அக்கா ஒரு வளைகாப்புக்காகச் சந்தவாசல் போயிருந்தார். நான் டப்பாவைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிப் பசையை எடுத்தால்தான் மினுக்கம், மினுக்கினால்தான் விலை. என் வீட்டுச் சரக்கு மங்கலாகப் போகலாமா? சாயப்பட்டறை அண்டாவில் காசுகளைக் கொட்டிக் கொதிக்கவிட்டேன். பிறகு இரண்டு ஆட்களை உட்காரவைத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுக் கம்பி பிரஷால் தேய்க்கச் சொன்னேன். சாயங்காலம் எல்லாம் புதுச் செம்பாக ஜொலித்தன.

மறுநாள், ஊரிலிருந்து திரும்பிய அக்காவும் பக்கத்தில் நிற்க, வியாபாரி ஒரு காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"யாருங்க இதைத் தேய்ச்சது?"

"நான்தான். இப்ப எப்படிக் கீது பாருங்க."

"அந்தக் கறுப்பு அழுக்கில்லீங்க. நூறு, இருநூறு வருஷமா ஏறின தோலு. நெஜமான பழசுன்னு சாட்சி சொல்றதே அதுதான். நீங்க தோலோட எழுத்தையும் உரிச்சிட்டீங்க. எங்க பார்த்தாலும் கீறல். இனிமே எடைக்குத்தான் போவும்."

"மறுபடியும் கறுப்பாக்க முடியாதா?"

"ஆக்கலாங்க. பாக்கறவன் கண்டுபுடிச்சிடுவான்."

அக்கா அழவில்லை. காலிக் காகிதங்களை ஒவ்வொன்றாக மடித்தார். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா" என்றார். "உன் நல்லதுக்குத்தானக்கா பண்ணேன்" என்று கத்தினது நான்தான்.

வேண்டுமென்றே செய்தான் என்று உங்களில் சிலர் பேசினீர்கள். என் வீட்டில் சாப்பிட்டுக்கினே பேசினீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அக்கா இனிப் போக முடியாது என்றதும் எனக்கு உள்ளே நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டை நானே வாங்கித் தந்திருக்கலாம். வசதி இருந்தது. தரவில்லை.

கடைசி வாரம், மூச்சு வாங்கிக்கினு கிடந்தபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "நான் செத்தா முள்ளிப்பட்டுலேர்ந்து எடுடா. உன் வாசல்லேர்ந்து வேணாம்." தலையாட்டினேன். ஆனால் ஊர் என்னை என்ன பேசும் என்று நினைத்து, என் வாசலில்தான் பந்தல் போட்டேன். பூப்பல்லக்கு, பேண்டு எல்லாம் வைத்தேன். இப்படி ஒரு சாவு எடுப்பை ஆரணி பார்த்ததில்லை என்று பலரும் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் கூட இருந்த பெண்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், மாலையோடு வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. முள்ளிப்பட்டு வீட்டின் சொந்தக்காரரிடமும் அக்கா சொல்லி வைத்திருந்தாராம். அக்காவை எடுத்த அன்றைக்கு அவர் வீட்டைக் கழுவி, கதவைத் திறந்து வைத்து, பொழுது சாயும்வரை வாசலில் நின்றிருந்தார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அவருக்கும் நன்றி.