நெற்றியில் ஒட்டும் காய்ச்சல் பட்டை

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர்கள் பாதி நேரம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள், மீதி நேரம் "இது கேக்குமா?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிறார்கள். நீங்களும் ஏதோ ஒரு கடையில் கவுண்டருக்கு உள்பக்கம் நின்றவர் என்றால் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில் நான் பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, அரியலூரில் ஒரு மருந்துக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

படித்தது உதவிய நாள்

கடை முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறையக் காய்ச்சல் பட்டை கொண்டுவந்தார். விரல் நீளத்துக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை. தொண்ணூற்றைந்து முதல் நூற்று நான்கு வரை கட்டம் கட்டமாக எண்கள். நெற்றியில் வைத்து அழுத்தினால், உடம்பு எவ்வளவு சூடோ அந்தக் கட்டம் மட்டும் பச்சையாகத் தெரியும். பாதரசம் இல்லை, உதற வேண்டியதில்லை.

"நீ ஃபிசிக்ஸ் படிச்ச பொண்ணுதானே, இது என்ன மாயம்?" என்றார் பாய். உள்ளே இருப்பது திரவப் படிகம் என்றேன். தண்ணீர் போல நகரும், ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல வரிசை கலையாமல் இருக்கும். அந்த வரிசைகள் சுழல் படிக்கட்டு மாதிரி திரும்பித் திரும்பி அடுக்கியிருக்கும். சூடு பட்டால் படியின் உயரம் மாறும், அதனால் திருப்பி அனுப்பும் ஒளியின் நிறமும் மாறும். கல்லூரியை விட்டு வந்தபின் நான் இவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். பாய் காதைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாம் சரிம்மா. இதையே கஸ்டமருக்குப் புரியுற மாதிரி ஒரு தடவ சொல்லு."

நெற்றியில் இடம் இல்லை

பட்டை ஒட்ட வெறும் நெற்றி வேண்டும். உடையார்பாளையத்திலிருந்து ஓர் அம்மா தனக்குக் காய்ச்சல் என்று கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். "கொஞ்சம் துடைச்சிக்குங்கம்மா" என்று நான் சொல்லி முடிக்கவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சை நீட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா எழுந்து புடவையை உதறினார். "காய்ச்சல் இருந்துட்டுப் போவட்டும். புருசன் பக்கத்துல நிக்கிறப்ப பொட்ட அழிக்கச் சொல்ற கடை இது ஒண்ணுதான்."

வழியில் போய்விட்ட நிறம்

முதல் பட்டையை வாங்கியவள் தனம். அவள் கணவர் சுண்ணாம்புக்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். ஒரு மாதமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்ததில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நூற்றிரண்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தருவதாக அவர்கள் காட்டிவந்த ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் எழ முடியாதவரை அங்கே தூக்கிப்போக வழியில்லை; தனம் தொட்டுப் பார்த்து வாயால் சொல்வதை அங்கிருந்த நர்ஸ் நம்புவதில்லை. கண்ணால் காட்டிவிட்டால் மறுக்க முடியாதல்லவா? அதற்காகத்தான் பட்டை வாங்கினாள்.

இரண்டாம் நாள் மூச்சு வாங்க ஓடிவந்து பட்டையை என்னிடம் நீட்டினாள். எல்லாக் கட்டமும் கறுப்பு. நெற்றியிலிருந்து எடுத்தவுடனேயே நிறம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வூட்டுல நூத்தி மூணுல பச்சப் பசேல்னு இருந்துச்சு பாப்பா. நர்ஸம்மா கிட்ட நீட்டுறதுக்குள்ள போயிடுச்சு. என்னையப் பொய்க்காரிங்குது."

மறக்காத வகை

அவளை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை. கடைசி வருடத்தில் எங்கள் பேராசிரியர் சொன்னதைச் சொன்னேன். திரவப் படிகத்தில் புதிதாக ஒரு வகை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃபெர்ரோஎலெக்ட்ரிக் என்று பெயர். இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிசாக வைத்து மின்சாரம் கொடுத்தால் சட்டென்று பக்கம் மாறிப் படுக்கும்; ஒளியை விடும் அல்லது மறைக்கும். மின்சாரத்தை எடுத்த பிறகும் படுத்தது படுத்தபடி இருக்கும், மறக்காது. எழுத்துக் காட்டும் கண்ணாடித் திரைகளுக்காக வெளிநாட்டில் அதை வைத்துப் பாடுபடுகிறார்கள். தனம் கண் இமைக்காமல் கேட்டாள். "அதுல ஒண்ணு வாங்கித் தா பாப்பா" என்றாள். அது கடைக்கு வரவில்லை, வந்தாலும் அது மின்சாரத்துக்குத்தான், காய்ச்சலுக்கு இல்லை என்று சொன்னேன்.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சூடு ஆறாமல் இருக்கப் பட்டையைக் கைக்குள் இறுக மூடிக்கொண்டு ஓடிவந்தாள். விரலைப் பிரித்தபோது தொண்ணூற்றைந்தில் மங்கலாகப் பச்சை தெரிந்தது. அது அவள் உள்ளங்கையின் சூடு என்று சொன்னேன். கையைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். "அவரோடத எடுத்துட்டு வந்தா, வழியில என்னோடதா மாறிப் போவுதா?"

தை மாதக் காலை

அதற்குப் பிறகு பாய் கடையை என்னிடம் விட்டுவிட்டு அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். பாய் வாயால் சொன்ன எண்ணை நம்பினார்கள். திங்கட்கிழமை திருச்சிக்குக் கூட்டிப்போக எழுதிக் கொடுத்தார்கள். பாய் தனக்குத் தெரிந்த வேன்காரரிடம் பேசிவைத்தார்.

சனிக்கிழமை காலை நல்ல பனி. கடை திறந்த கையோடு தனம் வந்தாள். தலை வாரி, முகம் கழுவி, சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கையில் பட்டை இல்லை. "நெத்தியிலயே விட்டுட்டு வந்திருக்கேன் பாய், வழியில அழிஞ்சதுன்னு இனி யாரும் சொல்ல முடியாது. ஒரு கட்டத்துலயும் கலரு இல்ல. சுத்தமா விட்டுப்போச்சு."

நல்ல உடம்பு என்றால் தொண்ணூற்றெட்டில் பச்சை தெரிய வேண்டும். ஒட்டியிருக்கும்போதே எல்லாம் கறுப்பு என்றால் உடம்பு தொண்ணூற்றைந்துக்கும் கீழே குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா தனம், நானும் ஒரு எட்டு வந்து பார்க்குறேன்" என்றார்.

"நீங்க எதுக்கு பாய் பனியில அலையணும்? ராவெல்லாம் முனகுன மனுசன் இப்பத்தான் அசந்து தூங்குறாரு. வேன்காரருகிட்ட மட்டும் திருச்சிக்கு வேண்டாம்னு சொல்லிடுங்க."

தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனவர்களுக்குக் காய்ச்சல் பட்டை தேவைப்படாது என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.